வீசம் ஏக்கர்

மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. தோட்டத்தில் குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் வைத்துக்கொள்ள ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும். பழைய தமிழ்க் கணக்கில் வீசம். சதுர அடியில் 2,700 சொச்சம், அதாவது மூன்று பேட்மின்டன் கோர்ட். எவ்வளவு என்று சட்டம் சொன்னது. எந்த நிலம் என்பதைத் துரைதான் சொல்வார். நல்ல மேட்டில் கித்தா நிற்கும், மிச்சம்தான் கீரைக்கு.

அந்த மிச்சத்தில் என்ன விளைந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. தோட்ட வரலாறு என்றால் கங்காணி, கள்ளுக்கடை, பெரட்டு என்று எழுதுகிறோம். சட்டியில் என்ன இருந்தது என்று எழுதுவது குறைவு.

கித்தா நின்ற மண் அமில மண். பிஎச் 4, 5 என்றுதான் இருக்கும். கால்சியம், பொட்டாசியம் எல்லாம் மழையில் கரைந்து போயிருக்கும். தண்டுக்கீரைக்கு இது ஆகாது. ஆறுக்குப் பக்கத்தில் வந்தால்தான் அது நிமிரும். நிழலும் அதற்கு எதிரி. மரத்தடியில் விதைத்தால் நூல் மாதிரி நீளும், அவ்வளவுதான். ஆனால் சுங்கை சிப்புட் பக்கம் எங்க பாட்டி இருந்த லயத்துக்குப் பின்னால் அதே கீரை இடுப்பளவு நின்றதாம். காரணம் விதை இல்லை. தினமும் விறகடுப்புச் சாம்பல் அங்கேதான் கொட்டப்பட்டது, மாட்டுச் சாணமும் அங்கேதான். சாம்பல் அமிலத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கொடுக்கும், சாணம் தழைச்சத்து. "மண்ணு புளிச்சிருக்கு, சாம்பல போடு"ன்னு பாட்டி சொல்லும். பிஎச் மீட்டர் வாங்கிய பிறகுதான் அந்தப் "புளிச்சிருக்கு" எவ்வளவு துல்லியமான சொல் என்று எனக்கு உறைத்தது.

எல்லாக் கீரையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. முருங்கை வறட்சிக்குப் பழகிய மரம். மதுரையில் ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவில் மழை. ஈப்போவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இங்கே இலை கொட்டிக் கிடக்கும், காய்க்குத்தான் பஞ்சம். அதனால் பாட்டி வீட்டில் முருங்கை என்றாலே கீரைதான். அகத்தி நேரெதிர், அது இந்தப் பக்கத்து மரம், ஈரம் அதற்குப் பிரச்சனையே இல்லை. வல்லாரையை யாரும் கொண்டுவரத் தேவையிருக்கவில்லை. மலாய்க்காரர்கள் பெகாகா என்று சொல்லி உலாமுக்குப் பறித்துக்கொண்டிருந்ததை நம்மவர்கள் கால்வாய் ஓரத்தில் பார்த்து அடையாளம் கண்டிருப்பார்கள். பயணம் ஒருவழியாகவும் இல்லை. மலாய்க்காரர்களின் செக்குர் மானிஸ் இன்றும் கேரளத்தில் அதே பெயரில்தான் வேலியோரம் வளர்கிறது.

ஜப்பான்காரன் காலத்தில் பர்மா, சயாம் அரிசி நின்றுபோனபோது மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான் சாப்பாடு. அது முடிந்த மூன்றாம் வருஷமே, 1948 ஜூன் 16இல், சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம். லயங்கள் கம்பி வேலிக்குள் போயின. வேலிக்கு வெளியே விளைவதெல்லாம் காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போகுமோ என்ற சந்தேகம். பாட்டி கணக்கில் வீசம் அன்றைக்கே போச்சு. மிஞ்சியது சுவரோரத்து நாலு பாத்தி.

அங்கிருந்து ஈப்போவுக்கு இறங்கினால் மண்ணே வேறு. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈய லம்பம் அலசிவிட்டுப் போன நிலம் பெரும்பாலும் வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட உரமும் நிற்காது. சீன விவசாயிகள் கோழி எருவை அள்ளிப் போட்டு, ஈயக்குட்டைத் தண்ணீரை இறைத்து, அதில் கீரை எடுத்தார்கள். மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கிக் கட்டு கட்டிவிடுவார்கள். நாம் பாசாரில் வாங்கும் பாயாம் அதுதான். வேகமாக, இளசாக வரவேண்டும் என்றே பொறுக்கி எடுத்த வகை. நம் தண்டுக்கீரைக்கு இரண்டு மாதப் பொறுமை வேண்டும். தண்டு தடித்த பிறகுதான் சாம்பாரில் விழும். ஒன்றின் இடத்தில் மற்றதை விதைத்துவிட்டு "இது நல்ல வகை இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. எந்தப் பம்பையும் எந்த அழுத்தத்தில் ஓட்டினாய் என்று கேட்காமல் நாங்கள் குறை சொல்வதில்லை.

தோட்டம் கைமாறி எண்ணெய்ப்பனை வந்தபோது பாட்டி விதை முடிச்சும் இரண்டு முருங்கைப் போத்தும் எடுத்துக்கொண்டு தாமான் வீட்டுக்கு வந்தது. பின்பக்கம் சிமெண்டு. அடுப்பு கேஸ், சாம்பலுக்கு எங்கே போவது? முருங்கை பிழைத்தது, கீரை முழங்காலைத் தாண்டவில்லை.

தாத்தாவுக்குக் கிடைத்த இழப்பீட்டுத் தாள் இன்னும் எங்களிடம் இருக்கு. ஆட்குறைப்புக்கான 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி போட்ட கணக்கு: இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்குப் 10 நாள் கூலி, ஐந்துக்குள் 15, அதற்கு மேல் 20. கூலியும் சேவை ஆண்டும் மட்டும்தான் அந்தச் சூத்திரத்தில் வருகின்றன. முப்பது வருஷம் சாம்பலும் சாணமும் தின்ற அந்த மண் தோட்டத்துச் சொத்தாகவே எண்ணெய்ப்பனைக்கு அடியில் போனது.