பச்சக் குழந்தைக்கு இழுப்பு: உப்புநீர் ஆவி கைகொடுக்குமா?

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வாட்டும் 'பிராங்கியோலைட்டிஸ்' நோய்க்கு பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. வைரஸ்தான் காரணம். சாதாரண சளியாக ஆரம்பித்து, நுரையீரலின் சின்னஞ்சிறு மூச்சுக்குழாய்களை வீங்க வைத்து அடைத்து விடும். 3 முதல் 5-வது நாளில் இழுப்பு அதிகமாகும்.

இதற்கு 3 சதவீத உப்புநீரை நெபுலைசர் மூலம் ஆவியாக கொடுப்பது உண்டு. இது கெட்டிச் சளியை இளக்கும். ஆனால் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது 2014-ல் வந்த அமெரிக்க குழந்தை மருத்துவ அகாடமி வழிகாட்டுதல். வேண்டவே வேண்டாம் என்றது 2015-ல் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு. தேவைப்பட்டால் ஆக்சிஜன், உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் முக்கிய சிகிச்சை.

வீட்டில் உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்றவே கூடாது. பால் குடிப்பது பாதியாக குறைந்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.