கிணறு ஒருவருடையது, நீர் ஊருடையது

யாழ்ப்பாணத்து வரலாறு எழுதியோர் மன்னர்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் எழுதிய அளவுக்குக் கிணறுகளைப் பற்றி எழுதினாரல்லர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாட்டில், மாரிமழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, உவர்நீரின்மேல் படலமாக மிதக்கிறது. அந்நன்னீரே தோட்டத்துக்கும் அடுக்களைக்கும் ஒருங்கே ஆதாரம். புத்தூர் நிலாவரையில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று.

துலா இறைப்புக் காலத்தில் மனித உடலின் வலுவே நீர்ச்செலவின் எல்லையாக இருந்தது. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, மற்றொருவர் பாத்திகளுக்கு நீரைத் திருப்பினார். குழையும் ஆட்டெருவும் மண்ணுக்கு உணவாயின. ஆயினும் அதனைப் பொற்காலம் என்று போற்றுவதற்கில்லை. தோட்டங்களில் வியர்வை சிந்தியோருள் பலர், ஊர்க் கிணற்றில் அள்ளிக் குடிக்கும் உரிமை மறுக்கப்பட்டோர் அல்லரோ?

1950களிலிருந்து இறைப்பு இயந்திரங்கள் பரவின. இரசாயன உரமும் பெருகியது. 1970க்கும் 1977க்கும் இடையில் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. சிறு விவசாயியும் தலைநிமிர்ந்தான். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிந்த இறக்குமதியின் முன் அவன் தனித்து விடப்பட்டான். விலையில் இழந்ததை விளைச்சலில் மீட்க முயல்வதன்றி அவனுக்கு வேறு வழி யாது? விளைச்சலைக் கூட்ட உரமும் நீரும் கூடவேண்டும்.

பயிர் உண்டது போக எஞ்சிய தழைச்சத்து, மெல்லிய செம்மண்ணைக் கடந்து நைத்திரேற்றாக நிலத்தடி நீரைச் சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்கவைத்தாலும் நீங்குவதில்லை. கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் திறனையே அது குறைக்கவல்லது. மிகையாக இறைத்தாலோ, கீழிருந்து உவர் எழும்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது மக்கள் வீதிக்கு வந்தனர். 2019இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்திய மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றுக்கு எவர்மீது வழக்குத் தொடுப்பது? உரமிடும் விவசாயியின் பிள்ளையும் அதே நீரைத்தான் குடிக்கிறது. இலாபத்தில் ஒரு சதமும் காணாத கூலியாளின் பிள்ளையும் அதையே குடிக்கிறது. வெங்காயத்தின் விலையில் நீரின் விலை சேர்வதில்லை. அதனை இவ்வேழைகளே தம் உடலால் செலுத்துகின்றனர்.

தடையுத்தரவு இதற்குத் தீர்வாகாது. 2021இல் ஓர் ஆணையால் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது; விளைச்சல் வீழ்ந்தது; அவ்வாண்டு முடியுமுன்னரே தடை தளர்ந்தது. அறுவடைக்கு நியாய விலை உறுதியானால் உரத்தைக் குறைக்கும் துணிவு விவசாயிக்கு வரும். கிணறுகளை ஒழுங்காகப் பரிசோதித்து முடிவுகளை ஊரறிய அறிவித்தால், நீர் பொதுச்சொத்து என்ற உணர்வும் வரும். கிணற்றுக்கு உறுதி எழுதலாம். அதன் அடியில் ஓடும் நீருக்கு எவர் உறுதி எழுத வல்லார்?