முதலும் பொலிசையும்

போளூரை அடுத்த திருமலையில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்து நந்தாவிளக்கிற்கு 20 காசும் திருவமுதிற்கு 10 காசும் அளித்ததை அது கூறுகிறது.

அறத்திற்கென வைக்கும் பொருளை ‘முதல்’ என்றும், அதன் வட்டியைப் ‘பொலிசை’ என்றும் சோழர் காலத்தார் வழங்கினர். பொலிதல் என்பது பெருகுதல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசொன்றுக்கு ஆண்டுப் பொலிசை அரைக்கால் காசு. அதாவது எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்கு 12.5. அவ்வீதப்படி 20 காசு ஆண்டுக்கு இரண்டரைக் காசு ஈட்டும். முதலையே செலவிட்டால் எட்டாண்டில் விளக்கு அணைந்துவிடும். பொலிசையை மட்டும் செலவிட்டால் என்றும் எரியும்.

வங்கியில் முதன்முதலாகக் கணக்குத் தொடங்கும் நம் மாணவச் செல்வங்கள் இவ்விரு சொற்களையும் நெஞ்சில் நிறுத்துவார்களாக.