திண்டுக்கல் சமவெளியும் கும்பினிப் படைத்தளங்களும் (1755–1801)

திண்டுக்கல் நகரின் மேற்கே திண்டைப் போலப் படுத்திருக்கும் ஒற்றைப் பாறையின் மீது ஒரு கோட்டை உள்ளது. மதுரை நாயக்கர்களில் ஒருவரான முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கட்டத் தொடங்கினார். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு வரும் படை எதுவானாலும் இந்தச் சமவெளியைக் கடந்துதான் வர வேண்டும். அதனால் நாயக்கர், மைசூர், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆகிய மூன்று அரசுகளும் இக்கோட்டையில் மாறி மாறிப் படை வைத்தன. கம்பெனியை அக்கால மக்கள் ‘கும்பினி’ என்றே அழைத்தனர்.

ஒரு நாட்டின் மண்ணில், அந்நாட்டு அரசரின் சம்மதத்துடனேயே, வேறொரு அரசின் படை நிலைகொள்வது இன்று உலக அரசியலில் பெரிய விவாதப் பொருளாக இருக்கிறது. தமிழகம் அதனை 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டது. ஆற்காட்டு நவாபின் நாட்டில் கும்பினிப் படை ‘நண்பனின் படை’யாக நுழைந்து அரை நூற்றாண்டுக்குள் நாட்டையே எடுத்துக்கொண்டது. அந்தக் கதையின் மேற்கு எல்லையில் இருந்தது திண்டுக்கல்.

நவாபுக்கு உதவிய படை

1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். எதிராளியான சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை நின்றனர். முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை நின்றனர். திருச்சி முற்றுகையின்போது முகமது அலி மைசூரின் உதவியையும் நாடினார். வென்றால் திருச்சிக் கோட்டையைத் தந்துவிடுவதாக மைசூரின் நஞ்சராஜருக்கு வாக்களித்தார். 1752இல் சந்தா சாகிப் ஒழிந்ததும் அந்த வாக்கு காற்றில் போனது. திருச்சியில் கும்பினிப் படை இருந்தது. மைசூர்ப் படை வெறுங்கையுடன் திரும்பியது. அந்தப் படையில் ஐதர் அலியும் இருந்தார்.

ஐதர் அலி 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராகவும் நிர்வாகியாகவும், அனுப்பப்பட்டார். பாளையக்காரர்களை அடக்குவது அவருக்கு இடப்பட்ட வேலை. ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் அவர் இங்கே செய்தார். பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு பீரங்கியும் வெடிமருந்தும் ஆயத்தம் செய்யும் பட்டறையைத் திண்டுக்கல்லில் அமைத்தார். பின்னாளில் மைசூரையே ஆண்ட அவரது படைப் பயிற்சி இந்தப் பாறையின் அடியில்தான் தொடங்கியது எனலாம்.

அதே 1755இல் கும்பினிப் படை ஒன்று நவாபுக்காக வரி தண்ட மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் சென்றது. அதில் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கியவர் யூசுப் கான் என்னும் மருதநாயகம். 1757இல் ஐதர் அலி திண்டுக்கல்லிலிருந்து இறங்கிச் சோழவந்தானைப் பிடித்து மதுரை நோக்கி வந்தபோது, நத்தம் கணவாய் அருகே யூசுப் கான் அவரை எதிர்த்துத் திருப்பி அனுப்பினார். திண்டுக்கல்லில் பிரெஞ்சுத் துணையுடன் ஒரு படை, மதுரையில் ஆங்கிலேயத் துணையுடன் ஒரு படை. இரண்டுக்கும் நடுவே உழுதுகொண்டிருந்தவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

யூசுப் கானின் முடிவு இவ்வகைக் கூட்டணியின் உள்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. மதுரைச் சீமையின் நிர்வாகத்தைக் கும்பினி அவரிடமே ஒப்படைத்தது. நவாபுக்கு அது பிடிக்கவில்லை. நாடு தன்னுடையது, நிர்வாகியோ கும்பினியின் ஆள். அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? கும்பினி கடைசியில் நவாபின் பக்கம் சாய்ந்தது. யூசுப் கான் கிளர்ச்சி செய்து, பிரெஞ்சுக் கொடியை ஏற்றி, மதுரைக் கோட்டையில் நீண்ட முற்றுகையைத் தாங்கினார். சொந்த ஆட்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். நவாப் அந்த வழக்கில் வென்றார். ஆனால் வென்றதும் கும்பினிப் படையைக் கொண்டுதான்.

செலவு யாருடையது?

கும்பினிப் படை இலவசமாக வரவில்லை. சிப்பாயின் சம்பளம், அரிசி, வெடிமருந்து, கோட்டைப் பழுது ஆகிய அனைத்தும் நவாபின் கணக்கில் எழுதப்பட்டன. பணம் உடனே கொடுக்க முடியாதபோது நிலம் கொடுக்கப்பட்டது. 1763இல் செங்கல்பட்டுச் சீமை சாகீராகக் கும்பினியிடம் போனது. அதுவும் போதாதபோது கடன் வாங்கப்பட்டது.

கடன் கொடுத்தவர்கள் யார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. பால் பென்ஃபீல்ட் போன்ற கும்பினி ஊழியர்களே தனிப்பட்ட முறையில் நவாபுக்கு உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்தனர். படைச் செலவைக் கேட்டு நெருக்குவது கும்பினி. அதைக் கட்டக் கடன் கொடுப்பது அதே கும்பினியின் ஊழியர். கடனுக்கு ஈடாக எழுதி வாங்கப்படுவது வரப்போகும் அறுவடையின் வரி. நவாபோ கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் சேப்பாக்கத்தில் 1768இல் அரண்மனை கட்டிக் குடியேறினார். தன் நாட்டின் தலைநகரான ஆற்காட்டைவிட்டு, பாதுகாவலனின் நிழலிலேயே வாழத் தலைப்பட்டார். இந்தக் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய நெடிய உரை புகழ்பெற்றது.

நவாபை வெறும் ஏமாளியாகக் காட்டுவதும் சரியாகாது. தன் கையால் பிடிக்க முடியாத நாடுகளைக் கும்பினிப் படையைக் கொண்டு பிடிக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். 1772 ஜூனில் இராமநாதபுரமும் சிவகங்கையும், 1773இல் தஞ்சாவூரும் அப்படித்தான் வீழ்ந்தன. தஞ்சாவூர் விவகாரம் சென்னைக் கோட்டைக்குள்ளேயே வெடித்தது. தஞ்சை அரசர் துளஜாஜிக்கு நாட்டைத் திருப்பித் தரும்படி லண்டன் இயக்குநர்கள் ஆணையிட்டனர். ஆளுநர் பிகட் பிரபு 1776இல் அதைச் செய்து முடித்தார். தஞ்சையின் விளைச்சல் வரியைத் தனக்கு எழுதி வாங்கியிருப்பதாகப் பென்ஃபீல்ட் உரிமை கோரினார். ஆளுநர் மறுக்கவே, ஆலோசனை சபைப் பெரும்பான்மையினர் சொந்த ஆளுநரையே கைதுசெய்தனர். அவர் 1777இல் காவலிலேயே இறந்தார். துளஜாஜிக்கு நாடு கிடைத்தது. கூடவே கும்பினியின் காவற்படையும், அதற்கான ஆண்டுச் செலவும் கிடைத்தன.

1787 உடன்படிக்கை இக்கணக்கை வெளிப்படையாக எழுதியது. அமைதிக் காலத்தில் படைச் செலவுக்காக நவாப் ஆண்டுக்கு 9 லட்சம் வராகன் தர வேண்டும். போர் வந்தால் நாட்டு வருவாயில் ஐந்தில் நான்கு பங்கைத் தர வேண்டும். போர் எப்போது வரும் என்று முடிவு செய்வது நவாபின் கையில் இல்லை. இக்காலத்தில் ஜப்பானில் உள்ள அமெரிக்கத் தளங்களின் செலவில் எவ்வளவை ஜப்பான் ஏற்பது என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேச்சு நடக்கிறது. பேரம் பேசும் வலிமை இருப்பவருக்கு அது பேரம். முகமது அலிக்கு அது கட்டளை.

விருப்பாட்சியில் அடைக்கலம்

1772 ஜூன் 25 அன்று காளையார்கோயிலில் சிவகங்கை அரசர் முத்துவடுகநாதர் நவாப், கும்பினிப் படைகளால் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் மேற்கே தப்பினார். பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் உடன் வந்தனர். அவர்கள் அடைக்கலம் புகுந்தது திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடைப்பட்ட விருப்பாட்சிப் பாளையத்தில். பாளையக்காரர் கோபால நாயக்கர். அவருக்கு மேலே ஐதர் அலி.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வேலு நாச்சியார் இப்பகுதியில் தங்கினார். தாண்டவராய பிள்ளை ஐதர் அலியிடம் படை கேட்டு எழுதினார். 1780இல் ஐதர் அலி கர்நாடகத்தின் மீது பெரும்படையெடுத்தபோது மைசூர் உதவியுடன் அரசி சிவகங்கையை மீட்டார். நட்பு நாட்டின் படையை நம்பி இறங்கியவர்தான் வேலு நாச்சியாரும். முகமது அலிக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு, மைசூர்ப் படை சிவகங்கையில் நிரந்தரமாகத் தங்கிவிடவில்லை என்பதே. ஐதர் அலி பெருந்தன்மையால் மட்டுமே அப்படிச் செய்தார் என்று சொல்ல முடியாது. அவருக்கு அப்போது ஆங்கிலேயருடனான போர் கழுத்தளவுக்கு இருந்தது.

மைசூர் ஆட்சியும் திண்டுக்கல் பாளையங்களுக்கு இனிப்பாக இருந்ததில்லை. திப்பு சுல்தான் காலத்தில் இங்கு அதிகாரியாக இருந்த சையது சாகிப் பல பாளையங்களைப் பறிமுதல் செய்தார். மைசூரை எதிரியாகக் கண்ட பாளையக்காரர் சிலர் 1790இல் கும்பினியின் வரவைத் தடுக்காமல் இருந்ததில் வியப்பில்லை.

கை மாறிய கோட்டை

கும்பினி முதலாம் மைசூர்ப் போரில் (1767–69) திண்டுக்கல்லைப் பிடித்து, விரைவில் ஐதர் அலியிடம் இழந்தது. 1783இல் மீண்டும் பிடித்தது. 1784 மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் தலைமையிலான படை மூன்றாவது முறையாகப் பிடித்தது. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இப்பகுதியைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார்.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மதுரையும் திருநெல்வேலியும் இன்னும் நவாபின் நாடு. அங்கே கும்பினி ‘நண்பன்’. திண்டுக்கல் கும்பினியின் சொந்த நாடு. இங்கே கலெக்டர் நேரடியாக ஆண்டார். 1796இல் கலெக்டராக வந்த ஹர்டிஸ் காலத்தில் நிலங்கள் அளக்கப்பட்டு, வரி புதிதாக நிர்ணயிக்கப்பட்டது.

அதே 1792 ஜூலையில் கார்ன்வாலிஸ் நவாபுடன் இன்னொரு உடன்படிக்கை செய்தார். பாளையக்காரர்களிடம் கப்பம் தண்டும் உரிமை நவாபின் பெயரில் கும்பினிக்கு வந்தது. 9 லட்சம் வராகன் படைச் செலவு அப்படியே தொடர்ந்தது. கட்டபொம்மனும் பிறரும் வரி கொடுக்க மறுத்ததாகப் பள்ளிப் பாடங்களில் படிக்கிறோம். அது எந்த வரி, யாருடைய படைக்குச் சோறு போடும் வரி என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மறுப்பின் பொருள் முழுமையாக விளங்கும். தங்களை அடக்க வந்த படைக்குத் தாங்களே சம்பளம் கொடுக்கும் நிலையில் பாளையக்காரர்கள் இருந்தனர்.

1800–1801

1799இல் திப்பு வீழ்ந்தார், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும் என்று ஆணை வந்தது. மேற்கில் கும்பினியை எதிர்ப்போர் கோபால நாயக்கரைச் சுற்றித் திரண்டனர். 1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கூடிய கூட்டத்தில், கோயம்புத்தூர்க் கோட்டையில் இருந்த கும்பினிப் படையைத் தாக்கத் திட்டமிடப்பட்டது. ஜூன் மாத முயற்சி தோல்வியில் முடிந்தது. கும்பினிப் படையே முதல் இலக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை நோக்க வேண்டும்.

1801 ஜூன் 16 அன்று மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. நவாப் அறியாமையால் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்ததையும், அவர்கள் நட்பை மீறி நாட்டைக் கைக்கொண்டதையும் அது குற்றம் சாட்டியது. அடைக்கலமாக வந்த படை ஆட்சியாளனாக மாறியதை அக்காலத்தவரே தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

விருப்பாட்சி வீழ்ந்தது. கோபால நாயக்கர் பிடிபட்டு, 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். நகரிலுள்ள கோபால சமுத்திரம் குளத்தின் பெயரை மக்கள் அவருடன் சேர்த்தே சொல்கின்றனர். மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். வத்தலக்குண்டுப் பகுதியில் பிடிபட்ட ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுசென்று நவம்பரில் கொன்றனர்.

இதற்கிடையே ஜூலை 15 அன்று நவாப் உம்தத்-உல்-உமரா சேப்பாக்கத்தில் இறந்தார். அவர் திப்புவுடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்தார் என்று கும்பினி குற்றம் சாட்டியிருந்தது. அவருடைய வாரிசு கும்பினியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். ஏற்றுக்கொண்ட அசீம்-உத்-தௌலா நவாப் ஆக்கப்பட்டார். ஜூலை 31 உடன்படிக்கைப்படி நாட்டின் நிர்வாகமும் படையும் வரியும் கும்பினிக்குப் போயின. புதிய நவாபின் பராமரிப்புக்கு நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. போர்க்காலத்துக்கு மட்டும் என்று 1787இல் எழுதப்பட்ட ஐந்தில் நான்கு பங்கு, இப்போது எக்காலத்துக்கும் உரியதாயிற்று.

திண்டுக்கல் பாறையின் மீது கும்பினிப் படை அதன் பிறகும் பல ஆண்டுகள் இருந்தது. கோட்டை இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.