பன்னீர் வடித்த கலங்கள்: காற்றும் நீரும்

மதுரைக் காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் நிகாஹ் மஜ்லிசுக்குச் செல்வோரை முதலில் வரவேற்பது பன்னீர்ச் செம்பு. கந்தூரி விழாக்களில் சந்தனத்தோடு பன்னீரும் இடம்பெறுகிறது. புனித கஅபாவைக் கழுவும் நாளில் ஜம்ஜம் நீரோடு பன்னீர் கலக்கப்படுவதை உலகம் அறியும். ஹிஜ்ரி 583இல் (கி.பி. 1187) ஸலாஹுத்தீன் அய்யூபி பைத்துல் முகத்தஸை மீட்டபோது, அங்குள்ள பாறைக் குவிமாடம் பன்னீரால் கழுவப்பட்டது என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர்.

தமிழில் இதற்குப் பனிநீர் என்ற பெயரும் உண்டு. மலையாளத்தில் இன்றளவும் அதுவே வழக்கு. குளிர்ச்சியைப் பெயரிலேயே கொண்ட இந்நீர், நெருப்பின் மேல் கொதித்து, ஆவியாகி, மீண்டும் குளிர்ந்து நீரான பின்னரே நம் கைக்கு வருகிறது. கொதிக்க வைப்பது எளிது. எழுந்த ஆவியைச் சிதறவிடாமல் குளிர வைப்பதே இக்கலையின் அரிய பகுதி. அதற்குச் சுற்றியுள்ள காற்றே போதுமா, அன்றி நீரும் வேண்டுமா? எளியதாகத் தோன்றும் இக்கேள்வியைப் பின்தொடர்ந்தால், முஸ்லிம் உலகின் அறிவியல் வரலாற்றில் ஒரு பகுதி தெளிவாகும். நாம் மேடைதோறும் சொல்லிவரும் ஒரு செய்தியைத் திருத்திக்கொள்ள வேண்டிய தேவையும் புலப்படும்.

சுரைக்குடுவையும் அன்பீக்கும்

ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) காலமான அபூபக்ர் அர்-ராஸீ, தமது ‘கிதாபுல் அஸ்ரார்’ நூலில் வேதிக்கூடத்தின் கருவிகளை வரிசைப்படுத்துகிறார். வடித்தலுக்கு வேண்டியவை மூன்று. கொதிகலத்தின் பெயர் ‘கர்உ’. அரபியில் இதன் பொருள் சுரைக்காய். நம் முன்னோர் நீர் கொண்டுசென்ற சுரைக்குடுவையின் வடிவமே அக்கலத்துக்கும். அதன் மேல் கவிழ்க்கப்படும் மூக்குடைய தலைக்கலம் ‘அன்பீக்’. மூக்கின் வழியே இறங்கும் துளிகளை ஏற்கும் கலம் ‘காபிலா’.

இவ்வமைப்பில் குளிர்விக்கும் வேலையைச் செய்வது காற்று மட்டுமே. அன்பீக்கின் அகன்ற சுவரைத் தொடும் ஆவி, வெளிக்காற்றுக்கு வெப்பத்தை இழந்து துளியாகிறது. துளிகள் உட்புற விளிம்பில் திரண்டு மூக்கின் வழியே வழிகின்றன. அடுப்பைத் தணித்து மெல்ல எரித்தால் காற்றே போதும். தீயை ஏற்றினால் காற்றால் ஈடுகொடுக்க இயலாது. ஆவி குளிராமலே வெளியேறும், முதலில் தப்பியோடுவது மணமே. எனவே காற்றால் குளிர்வித்தலின் முதல் நிபந்தனை பொறுமை.

அந்தப் பொறுமையோடு பெரும் வணிகமே நடந்தது. கலீஃபா மஃமூன் காலத்து வரிப்பட்டியலில், பாரசீகத்தின் ஃபார்ஸ் மாகாணம் ஆண்டுதோறும் 30,000 குப்பிப் பன்னீர் அனுப்பியதாகக் காண்கிறோம். இப்பட்டியலை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் தருகிறார். ஃபார்ஸிலுள்ள ஜூர் நகரின் பன்னீர், எகிப்து, யமன், இந்தியா, சீனம் வரை சென்றதாகப் பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் அதே பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து குதிரைகள் மஅபர் கரைக்கு வந்தன. பாண்டியர் அவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அமைச்சராக விளங்கினார். அக்கடல்வழி மதுரைக்கு அந்நியமானதன்று.

ஒரு கூற்றைப் பற்றி

இனி, திருத்திக்கொள்ள வேண்டிய செய்திக்கு வருவோம். ‘பன்னீர் வடித்தலைக் கண்டறிந்தவர் இப்னு ஸீனா, ஆவியைக் குளிர்விக்கும் சுருள்குழாயை உருவாக்கியவரும் அவரே’ என்று மேடைகளிலும் மலர்களிலும் கூறப்படுகிறது. இப்னு ஸீனா பிறந்தது ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980). அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மறைந்த அல்-கிந்தி, நறுமணங்களின் வேதியியலும் வடித்தலும் பற்றித் தனி நூல் எழுதிவிட்டார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. 1948இல் அது ஜெர்மன் மொழிபெயர்ப்போடு அச்சேறியது. ஆகவே கூற்றின் முதற்பாதி நிற்காது.

பிற்பாதியோ சான்று வேண்டி நிற்கிறது. சுருள்குழாயை இப்னு ஸீனாவுக்கு உரியதாக்குவோர், அவரது எந்நூலின் எப்பகுதியில் அது உள்ளதென்று காட்டுவதில்லை. நீரில் மூழ்கிய சுருள்குழாயைத் தெளிவாக விவரித்தவராக வரலாற்றாசிரியர் காட்டுவது, 1295இல் இறந்த பொலோனியா மருத்துவர் தத்தேயோ அல்தெரோத்தியை. அவர் வடித்தது பன்னீரன்று, மது. மதுவின் சாரம் 78 பாகை வெப்பத்திலேயே ஆவியாகி எளிதில் தப்பிச் செல்வது. காற்றை மட்டும் நம்பி அதைப் பிடிப்பது கடினம். நீர்க்குழாயின் தேவை அங்கு மிகுந்திருந்ததன் காரணம் இதுவே.

இதனால் நமக்கு இழப்பேதுமில்லை. அன்பீக் என்ற தலைக்கலமே கிரேக்க மொழிவழி வந்தது. அலெக்சாந்திரியாவின் ரசவாதிகள் அதை அறிந்திருந்தனர். முஸ்லிம் அறிஞரின் சாதனை, சிலரது மறைபொருளாய் இருந்த கருவியை மருந்தகத்துக்கும் மணக்கடைக்கும் உரியதாக்கி, அளவும் முறையும் எழுதி வைத்ததாகும். அந்தலூசிய மருத்துவர் அஸ்-ஸஹ்ராவி (இறப்பு ஹிஜ்ரி 404) தம் ‘அத்-தஸ்ரீஃப்’ நூலில் பன்னீர் வடிக்கும் முறையை மருந்தாளருக்கென விளக்குகிறார். ஷம்சுத்தீன் அத்-திமிஷ்கி (இறப்பு ஹிஜ்ரி 727), டமாஸ்கஸை அடுத்த மிஸ்ஸா சிற்றூரில் பல கலங்களை ஒரே அடுப்பின் மேல் அடுக்கிப் பன்னீர் வடித்ததை வருணிக்கிறார். உண்மையான இப்பெருமை இருக்க, சான்றில்லாத பெருமை நமக்கு எதற்கு?

அக்பர் காலத்து மூன்று கலங்கள்

வெப்ப நாடான இந்தியாவில் நீரால் குளிர்விக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. தட்சசீலத்தின் சிர்காப் பகுதியில் கிடைத்த மட்கலங்களை ஜான் மார்ஷல் வடிகலமாகப் பொருத்திக் காட்டினார். அவற்றையும் சார்சத்தாவை அடுத்த ஷைகான் தேரியில் கிடைத்தவற்றையும் ஆராய்ந்த ஆல்சின், வடித்தலின் தொன்மையான தாயகம் இந்தியாவோ என்று 1979இல் வினவினார். ஏற்புக்கலத்தை நீரில் அமர்த்துவது அவ்வமைப்பின் தனித்தன்மை. எல்லா ஆய்வாளரும் இக்கருத்தை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஐயத்துக்கு இடமற்ற சான்று அபுல் ஃபஸ்லின் ‘ஆயினே அக்பரி’. கரும்பு மதுவைப் பற்றிய பகுதியில் அவர் மூன்று வடிகலங்களை விவரிக்கிறார். முதலாவதில், கலத்தின் வாயைக் குளிர்ந்த நீர் நிறைந்த தட்டு மூடியிருக்கும். அதன் அடிப்புறத்தில் குளிர்ந்த ஆவி, உள்ளே வைத்த கிண்ணத்தில் சொட்டும். இரண்டாவதில், கலத்திலிருந்து புறப்படும் இரு குழாய்கள் குளிர்ந்த நீரில் நிற்கும் சாடிகளில் சென்று முடியும். மூன்றாவதில், மேலே நீர் நிறைந்த மூடி. உள்ளே துளியை ஏந்தும் பெரிய அகப்பை. அதன் துளையுள்ள காம்பு வழியே வடிநீர் வெளிச்சாடிக்கு வரும். அறிவியல் வரலாற்றாசிரியர் முதலாவதை மங்கோலிய வகை, இரண்டாவதைக் காந்தார வகை, மூன்றாவதைச் சீன வகை என்பர். மூன்று நாகரிகங்களின் கலங்கள் ஒரே பக்கத்தில் கூடி நிற்கின்றன. மூன்றுமே நீரால் குளிர்பவை என்பதே நம் கவனத்துக்குரியது.

மார்க்கம் விலக்கிய ஒன்றைச் சொல்லும் பகுதி அது; அதிலிருந்து நாம் கொள்வது கருவியின் செய்தியை மட்டுமே. அரபியில் ‘அரக்’ என்றால் வியர்வை. கலத்தின் சுவரில் வியர்த்துச் சொட்டுவதால் வந்த அப்பெயர், ஒரு பக்கம் மதுவுக்கும், மறுபக்கம் யூனானி மருத்துவத்தின் ரோஜா அரக், சோம்பு அரக் முதலியவற்றுக்கும் ஆயிற்று. சித்த மருத்துவர் இதனைத் தீநீர் என்றும், வடிக்கும் கருவியை வாலை என்றும் அழைப்பர்.

கன்னோஜின் தொட்டியும் காஜிப்பூரின் இரவும்

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இன்றும் அத்தர் வடிக்கும் முறையில் இக்காந்தார வகையின் சாயலைக் காணலாம். ‘தேக்’ எனும் செப்புக் கொதிகலத்திலிருந்து மூங்கில் குழாய் இறங்கி, நீர்த்தொட்டியில் அமிழ்ந்த ‘பப்கா’ எனும் செப்புக் கலத்தில் சேர்கிறது. தொட்டி நீர் சூடேறியதும் மாற்றுவர். பப்கா நிரம்பியதும் தேக்கின் மேல் ஈரத்துணி இட்டுக் கொதியை அடக்கி, வேறு பப்காவைப் பொருத்துவர்.

ஆனால் காற்றுக்கும் உரிய இடமுண்டு. ரோஜா எண்ணெய் சற்றொப்ப 20 பாகைக்குக் கீழ் உறையத் தொடங்கும். நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம், சூடான பன்னீரை அகன்ற தட்டுகளில் ஊற்றியபோது மேலே படர்ந்த எண்ணெயைச் சேகரித்தார் என்றும், அதற்கு ‘இத்ரே ஜஹாங்கீரி’ எனப் பெயர் சூட்டப்பட்டது என்றும் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். காஜிப்பூரிலும் பன்னீரை அகன்ற கலங்களில் இரவு முழுதும் திறந்த வெளியில் வைத்து, விடியலில் மேற்படலத்தை இறகால் வழித்தெடுத்தனர். ஆவியைப் பிடிக்க நீர். எண்ணெயைப் பிரிக்க இரவுக் காற்று. ஒவ்வொன்றும் தன் இடத்தில் பயன்பட்டது.

மதுரையின் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். மதுரையின் மல்லிகை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் மல்லிகையின் மணம் கொதிநீரைத் தாங்காது. எனவே அக்காலத்தில் எள்ளோடு அடுக்கி எண்ணெயில் ஏற்றினர், இக்காலத்தில் ஹெக்சேன் கரைப்பானால் பிரிக்கின்றனர். வடிகலத்துக்கு உரிய மலர், நிலக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரத்தில் விளையும் பன்னீர் ரோஜா. அதை வீட்டில் வடிக்க முனைவோர் காற்றைத் தேர்வதா, நீரைத் தேர்வதா?

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ நீராவியை நீராக்கி 40 பாகைக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 600 கிலோ கலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். சித்திரை மாதத்து மதுரையில் தொட்டி நீர் 30 பாகைக்குக் குறையாது. அதை 50 பாகை வரை சூடேறவிட்டால், லிட்டருக்கு 20 கிலோ கலோரி வீதம் 30 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் பன்னீருக்கு இரண்டு குடம் தண்ணீர்! காற்றை மட்டும் நம்பினால், 35 பாகைக் காற்று 60 பாகைக்குச் சூடேறிச் செல்வதாகக் கொண்டாலும், சுமார் 90 கன மீட்டர் காற்று கலத்தைத் தழுவிச் செல்ல வேண்டும். அதற்கு நீண்ட குழாயும் மெல்லிய தீயும் நெடிய நேரமும் தேவை.

ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் வைகையின் கரையில், இரண்டு குடத்தைச் சாக்கடையில் விடுவது சிறு செய்தியன்று. ஒளூவின்போதும், ஓடும் ஆற்றின் கரையிலிருந்தாலும் விரயம் கூடாது என்ற கருத்துடைய நபிமொழி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் வீண்விரயத்தை விலக்கும் இறைவசனம் (7:31) எவ்வித ஐயத்துக்கும் அப்பாற்பட்டது.

இரண்டும் சேர்ந்த வழி

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாம் வழி ஒன்றுண்டு. நம் வீட்டு மண்பானை அதை நாள்தோறும் காட்டுகிறது. பானையின் புறத்தில் கசியும் நீர் காற்றில் உலரும்போது உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கிறது. ஒரு லிட்டர் நீர் இவ்வாறு ஆவியாகும்போது சற்றொப்ப 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுசெல்லும். அதாவது, வடிகுழாயின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால், 30 லிட்டர் செய்யும் வேலையைக் கணக்குப்படி ஏறத்தாழ ஒரே லிட்டர் செய்யும். நடைமுறையில் சற்றுக் கூடலாம். பெரிய ஆலைகளின் குளிர்விப்புக் கோபுரமும் இதே நெறியில் இயங்குகிறது: சூடேறிய நீரைக் காற்றில் சிதறவிட்டு, அதன் சிறு பகுதி ஆவியாவதால் எஞ்சியதைக் குளிரச் செய்து, மீண்டும் அதையே பயன்படுத்துகிறது.

தொட்டிமுறையை விரும்புவோரும் நீரை வீணாக்க வேண்டியதில்லை. சூடான நீர் மேலே மிதக்கும். ஆதலால் குளிர்ந்த நீரை அடியில் செலுத்தி, மேல்நீரை அகன்ற அண்டாவில் எடுத்து இரவுக் காற்றில் ஆறவைத்தால், மறுநாள் அதுவே பயன்படும்.

அன்பீக்கைக் காற்றில் நிறுத்திய ராஸீயின் காலத்தோர் அறியாமையால் அவ்வாறு செய்யவில்லை. மெல்லிய தீக்கும் பன்னீருக்கும் அது போதுமானதாயிருந்தது. நீர்த்தொட்டியைக் கொண்ட கன்னோஜ் மக்கள் தம் நிலத்தின் வெப்பத்துக்கும் நீர்வளத்துக்கும் ஏற்பச் செய்தனர். நீர் அருகிய மதுரைச் சமவெளியில் வாழும் நாம், அவ்விருவரிடமிருந்தும் கற்று, ஈரத்துணியையும் காற்றையும் துணைக்கொள்ளலாம். நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய வாலைகளையும் செப்புக் கலங்களையும் எடைக்குப் போடுமுன், அவை எவ்வாறு குளிர்ந்தன என்று ஒருமுறை உற்று நோக்கி எழுதி வைப்பாராயின், இவ்வரலாற்றின் தமிழகப் பகுதியை எழுத வருவோர்க்கு அது பேருதவியாகும்.