வைத்தியர்கள் போனது எப்போது?

வைத்தியர்கள் ஏன் நாட்டைவிட்டுப் போனார்கள் என்று கேட்டால் எங்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: எண்பத்திமூன்று. அது பொய்யல்ல. ஆனால் தொழிற்தகைமை பெற்றோர் வெளியேறுவதுபற்றி ஆராய்ந்த அமைச்சரவைக் குழு 1974இலேயே அறிக்கை தந்துவிட்டது. அன்று போனவர்களில் சிங்களவர்களும் ஏராளம். இந்தச் சங்கடமான விடயத்தை நாம் எழுதும் வரலாறு பேசாமல் கடந்துபோகிறது.

இலவசக் கல்வி பெற்றவர் அரச சேவை செய்யவேண்டும் என்றது 1961ஆம் ஆண்டின் கட்டாயப் பொதுச்சேவைச் சட்டம். நியாயமான கோரிக்கைதான். ஆனால் விசேட வைத்திய நிபுணராவதற்கு எம்.ஆர்.சி.பி., எப்.ஆர்.சி.எஸ். போன்ற பிரித்தானியத் தகைமை தேவைப்பட்டது. பதவி உயர்வுக்கான ஏணியை லண்டனில் சாத்திவைத்துவிட்டு, ஏறியவர் திரும்பி வரவில்லையென்று குறைப்பட்டது அரசு. கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் அமைந்தது 1980இல்தான். இதற்கிடையில், 1970இல் பதவியேற்ற சிறிமாவோ அரசு, அரச வைத்தியர்கள் தனியாக நோயாளர் பார்ப்பதை நிறுத்தியது. சம்பளத்துக்கு மேலால் வந்த வருமானம் போயிற்று. 1977க்குப் பின்னரே அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

லண்டனில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கே நிபுணர் பதவிகள் குறைவு, காத்திருப்பு நீளம். பிரித்தானிய இளம் வைத்தியர்களே கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட இடங்களை நிரப்பியவர்கள் தென்னாசியர். சத்திரசிகிச்சை படிக்க வந்தவர்கள் பலர் முதியோர் விடுதிகளிலும் மனநோய் ஆஸ்பத்திரிகளிலும் தேங்கிப்போனார்கள். 1966இல் குடும்ப வைத்தியருக்கான புதிய ஒப்பந்தம் ஊதியத்தை உயர்த்தியபோது, நிபுணராகும் எண்ணத்தைக் கைவிட்டுத் தொழிற்சாலை நகரங்களிலும் சுரங்க ஊர்களிலும் போய் அமர்ந்தவர்கள் பலர்.

அப்படியானால் இன ஒடுக்குமுறை காரணமில்லையா என்று நண்பர்கள் கோபிக்கலாம். காரணந்தான். 1956க்குப் பிறகு, சிங்களத்தில் சித்தியடையாத அரச ஊழியரின் சம்பள உயர்வும் பதவி உயர்வும் தடைப்பட்டன. ஒடுக்குமுறை தமிழ் ஊழியரின் வீட்டுக்குள் நுழைந்தது சம்பளப் பட்டியல் வழியாகத்தான். ஆகவே இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி விவாதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

2022இல் பொருளாதாரம் சரிந்தபோது, ஊழியர்கள் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பு பாதிக்கப்படாது என்று அரசே சுற்றறிக்கை விட்டது. 2023 ஜனவரியில் வருமான வரி உச்சமாக 36 வீதமாகியது. அதே ஆண்டு ஏப்ரலில் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் சிறுவர் விடுதியொன்றை மூடவேண்டி வந்தது. அங்கிருந்த சிறுபிள்ளை வைத்திய நிபுணர்கள் வெளிநாடு போயிருந்தார்கள்.