குற்றத்தால் இழப்புற்றோர்க்கு ஈடு: இந்திய நீதிமரபில் ஒரு வரலாற்றுப் பார்வை

ஒருவன் மற்றொருவனை வெட்டிக் காயப்படுத்திய வழக்கில், குற்றவாளியிடமிருந்து பெறப்படும் பொருள் யாரைச் சேர வேண்டும்? அரசையா, கோயிலையா, வெட்டுண்டவனையா? இவ்வினாவிற்கு இந்திய நீதிமரபு காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கூறி வந்துள்ளது. தண்டம், ஈடு என்னும் இரு சொற்களும் இவ்வேறுபாட்டைத் தம்முள் கொண்டுள்ளன. தண்டம் ஆள்வோர்க்குச் செலுத்தப்படுவது. ஈடு இழந்தவர்க்கு, இழந்ததற்கு நிகராகத் தரப்படுவது. நடைமுறையில் முன்னது பெரும்பாலும் பின்னதை விழுங்கிவிட்டது எனலாம்.

வடமொழி அறநூல்களில் இரண்டு போக்குகளும் காணப்படுகின்றன. உறுப்பிற்கு ஊறு விளைத்தவன் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்று மனு நூலின் எட்டாம் இயல் விதிக்கிறது. களவுபோன பொருளை மீட்க இயலாத அரசன் தன் கருவூலத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்பது அர்த்தசாத்திரத்தின் கருத்து. காவாத அரசன் தானே கடன்பட்டவனாகிறான் என்னும் இக்கருத்து, பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டது. கொலைக்குப் பசுக்களைத் தர வேண்டும் என்றும் தருமசூத்திரங்கள் கூறுகின்றன. ஆபத்தம்பர் இதனைப் பகை நீக்கத்திற்கானது என்கிறார். போதாயனரோ அரசனுக்கு உரியதாக்குகிறார். பசுக்களின் தொகை கொல்லப்பட்டவனின் வருணத்திற்கேற்ப ஆயிரம், நூறு, பத்து என இறங்குவதை மறைப்பதற்கில்லை. உயிரின் விலை பிறப்பால் அளக்கப்பட்ட காலம் அது.

தமிழகக் கல்வெட்டுகள் தரும் சான்று தனித்தன்மை உடையது. வேட்டையில் விலங்கென்று கருதி மனிதனை எய்தவன், சினத்தில் தள்ளியபோது உயிரிழப்பிற்குக் காரணமானவன் போன்றோரின் வழக்குகள் சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் பதிவாகியுள்ளன. ஊரார் கூடி ஆராய்ந்து, கருதிச் செய்யாத கொலைக்கு உயிர்த்தண்டம் வேண்டா எனத் தீர்த்து, இறந்தவன் பொருட்டுக் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கப் பணித்தனர். ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் விடுவது பெருவழக்கு. எண்ணிக்கை குன்றாது பேணப்பட வேண்டியமையால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. எய்தவனின் உயிர் காக்கப்பட்டது. இறந்தவனின் பெயரால் விளக்கு எரிந்தது. எனினும் அவனுடைய மனைவி மக்கள் என்ன பெற்றனர் என்பதை இவ்வகைத் தீர்ப்புகள் பேசுவதில்லை. ஊர்காக்கும் பூசலில் மடிந்த வீரர் குடும்பத்திற்கு 'உதிரப்பட்டி' என நிலம் அளித்த வழக்கம் இருந்தது உண்மையே. ஆனால் அது வீரத்திற்கு வழங்கிய சிறப்பு. குற்றத்திற்குரிய ஈடு அன்று.

வங்காளத்தில் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியேற்றபோது இசுலாமியச் சட்டமே குற்றவியல் சட்டமாக நிலவியது. அதன்படி கொலையுண்டவனின் வாரிசுகள் குருதிப்பணம் பெறவோ மன்னிக்கவோ உரிமையுடையோர். 1790-களில் காரன்வாலிசின் சீர்திருத்தங்கள் கொலையாளியை விடுவிக்கும் அவ்வுரிமையை நீக்கின. செல்வர் பணம் கொடுத்துத் தப்பும் வழி அடைபட்டது நன்றே. ஆயினும் குற்றம் முழுவதும் அரசின் உடைமையானபோது, இழப்புற்றவர் வெறும் சாட்சியாகச் சுருங்கினார்.

1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 545-ஆம் பிரிவு, விதித்த அபராதத்திலிருந்து மட்டுமே இழப்பீடு வழங்க இடமளித்தது. உரிமையியல் வழக்கில் கணிசமான தொகை பெற இயலும் என நீதிமன்றம் கருதினாலன்றி அதுவும் இல்லை. சட்ட ஆணையத்தின் 41-ஆம் அறிக்கை (1969) இக்குறையைச் சுட்டியது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 357-ஆம் பிரிவு, அபராதம் விதிக்காதவிடத்தும் குற்றவாளியை இழப்பீடு தரச் செய்யலாம் என விரிந்தது. விரிந்தும் பயன்பாடு அரிதாகவே இருந்தது. 1988-இல் உச்சநீதிமன்றத்தை அடைந்த அரியானா வழக்கு ஒன்றில், தாக்குண்டவர் பேச்சாற்றல் குன்றிப்போயிருந்தார். உயர்நீதிமன்றம் குற்றவாளி ஒவ்வொருவரையும் 2,500 ரூபாய் தரப் பணித்திருக்க, உச்சநீதிமன்றம் மொத்தத் தொகையை 50,000 ரூபாயாக உயர்த்தி, இப்பிரிவைத் தாராளமாகப் பயன்படுத்துமாறு எல்லா நீதிமன்றங்களுக்கும் அறிவுறுத்தியது.

அரசே தீங்கிழைத்தவிடத்து நிலைமை இன்னும் கடினம். இறைமைச் செயலுக்கு அரசு பொறுப்பன்று என்பதே 1965-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின் முடிவு. விடுதலைத் தீர்ப்புப் பெற்றும் 14 ஆண்டுகள் பீகார்ச் சிறையில் கிடந்தவர்க்கு 1983-இல் 35,000 ரூபாய் வழங்கச் செய்தபோதுதான் அம்மதில் பிளந்தது. ஒரிசாவில் காவல்துறைப் பிடியில் இறந்த 22 வயது இளைஞனின் தாய் உச்சநீதிமன்றத்திற்கு மடல் எழுதினார். அம்மடலே மனுவாக ஏற்கப்பட்டு, 1993-இல் 1,50,000 ரூபாய் வழங்க ஆணையிடப்பட்டது. அடிப்படை உரிமை மீறலில் இறைமைக் காப்பு செல்லாது என்று அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

குற்றவாளி வறியவனாயின், அல்லது அகப்படாதவனாயின் என் செய்வது? நியூசிலாந்து 1963-இலும் பிரிட்டன் 1964-இலும் அரசு நிதியிலிருந்து ஈடு வழங்கும் முறையைத் தொடங்கின. இந்தியாவில் 2009 திசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த 357அ பிரிவே ஒவ்வொரு மாநிலமும் இதற்கெனத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. குற்றவாளி யாரென அறியப்படாத நிலையிலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். விசாரணையை இரு மாதங்களில் முடித்தல் வேண்டும். தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கென வகுத்த 2018-ஆம் ஆண்டுத் திட்டம், உயிரிழப்பிற்கு 5 முதல் 10 இலட்சம் ரூபாய் என வரையறுத்தது. மனு கூறிய மருத்துவச் செலவும் அர்த்தசாத்திரம் கூறிய கருவூலக் கடனும், வருண அளவுகோல் நீங்கி, இங்கு மீண்டும் தலைகாட்டுகின்றன எனக் கருத இடமுண்டு.

சொல்லாய்வு நோக்கில் ஒன்று குறிப்பிடத்தக்கது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் யார் என்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2009 வரை வரையறையே தரவில்லை. அவ்வாண்டு சேர்த்த வரையறையோ, குற்றச்சாட்டு வனையப்பெற்ற ஒருவரின் செயலால் இழப்புற்றவரையே குறித்தது. குற்றவாளி அறியப்படாவிடினும் ஈடு உண்டு என்னும் 357அ பிரிவோடு அது முரண்பட்டது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரட்சா சன்கிதா, குற்றச்சாட்டுப் பற்றிய தொடரை நீக்கிவிட்டு, 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்னும் சொல்லை மட்டும் வரையறையில் விட்டுவைத்துள்ளது.